நாள் தள்ளிப் போவது

“நாள் தள்ளிப் போயிருக்கு” என்று ஒரு பெண் சொன்னால் தமிழ் வீடுகளில் அதற்கு ஒரே பொருள்தான். மாமியாரின் குரல் குழையும், கனமான குடத்தைத் தூக்காதே என்பார், சாயங்காலத்துக்குள் செய்தி மூன்று தெருவைத் தாண்டிவிடும். ஆனால் சில பெண்களுக்கு நாள் எப்போதுமே தள்ளித்தான் போகிறது. நாற்பது நாள், அறுபது நாள், சில சமயம் நூறு நாள். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடுகிறார்கள். ஊருக்கு நற்செய்தியாக வரும் அந்தத் தாமதம்தான் இவர்களுக்கு நோயே.

பிறகு ஒருநாள் ஸ்கேன். “ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி இருக்கு” என்கிறார்கள். கூட வந்த அம்மாவுக்குக் ‘கட்டி’ என்ற சொல் மட்டுமே காதில் விழுகிறது. ஆபரேஷன் உண்டா, கரைக்க மருந்து உண்டா, கழற்சிக்காய் தின்றால் போகுமா என்று வீடு திரும்பும் வரை அதே பேச்சு.

அந்தப் பெயர்தான் முதல் சிக்கல். சினைப்பையில் ஸ்கேன் காட்டும் அந்தக் கரிய முத்துகள் கட்டிகளே அல்ல. ஒவ்வொன்றும் ஒரு முட்டையைப் பொதிந்து வைத்திருக்கும் நுண்பை. வழக்கமாக ஒரு மாதத்தில் பல நுண்பைகள் வளரத் தொடங்கும், அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருத்து உடைந்து முட்டையை வெளியே விடும், மற்றவை சுருங்கிவிடும். இவர்களிடம் எதுவும் முந்துவதில்லை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே எல்லாம் நின்றுபோய், மாலை கோத்தது போல ஓரமாக வரிசை கட்டி நிற்கின்றன. முளைத்து, வளராமல் நின்ற நாற்றுகள். இவற்றைக் ‘கரைக்க’ வேண்டியதில்லை, வளரவிடாமல் தடுப்பது எது என்று கண்டுபிடித்தால் போதும். பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சுருக்கமாக பி.சி.ஓ.எஸ். என்ற ஆங்கிலப் பெயரிலும் இதே தவறு உண்டு. பெயரை மாற்றிவிடுங்கள் என்று 2012இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவே பரிந்துரைத்தது.

கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே நோயைத் தேடுவது மருத்துவத்தின் பழைய பழக்கம். 1721இல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்னேரி ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றி எழுதினார். மணமானவள், சற்றே பருத்தவள், குழந்தை இல்லை, சினைப்பைகள் புறா முட்டை போலப் பெருத்து வெளுத்து மினுமினுத்தன. 1935இல் சிகாகோ மருத்துவர்கள் இர்விங் ஸ்டெயினும் மைக்கேல் லெவென்தாலும் இப்படிப்பட்ட ஏழு பெண்களின் சினைப்பைகளிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். வெட்டினால் சரியாகிறது என்றால் கோளாறு வெட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த சில பத்தாண்டுகள் உலகம் நம்பியது. (ஆண் இயக்குநீரைச் சுரக்கும் திசு குறைந்ததால் கிடைத்த பலன் அது என்பதே இன்றைய விளக்கம்.)

ஆனால் வேறொரு துப்பு அதற்கும் முன்பே கிடைத்திருந்தது. 1921இல் பாரிஸில் அஷார், தியேர் என்ற இருவர் ‘தாடி வைத்த பெண்களின் நீரிழிவு’ என்றொரு நிலையை விவரித்திருந்தார்கள். முகத்தில் ரோமம், ரத்தத்தில் சர்க்கரை, இரண்டும் ஒரே உடலில். மகப்பேறு மருத்துவர்கள் சர்க்கரையைப் பார்க்கவில்லை, சர்க்கரை மருத்துவர்கள் சினைப்பையைப் பார்க்கவில்லை. 1980இல்தான் அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ஆய்வாளர்கள், இந்தப் பெண்களின் ரத்தத்தில் ஆண் இயக்குநீரும் இன்சுலினும் சேர்ந்தே உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். 1989இல் ஆய்வாளர் ஆண்ட்ரியா டுனைஃபின் குழுவினர், மெலிந்த பெண்களிடமும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகுதான் கதை சினைப்பையை விட்டுக் கணையத்துக்கு நகர்ந்தது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்போமே, இன்சுலின் எதிர்ப்பு என்பது கிட்டத்தட்ட அதுதான். ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் இன்சுலின் சங்கு ஊதுகிறது, அவற்றின் காதில் விழவில்லை. கணையம் விடுவதில்லை, இன்னும் பலமாக ஊதுகிறது. இரட்டிப்பு இன்சுலின், மும்மடங்கு இன்சுலின். கடைசியில் சர்க்கரை அளவு சரியாகிவிடுகிறது, ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் கட்டத்துக்குள் இருக்கிறது. ‘சுகர் இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் நிறுத்திவைக்கக் கணையம் எவ்வளவு பாடுபட்டது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

சினைப்பையின் காது மட்டும் நன்றாகவே கேட்கிறது என்பதுதான் இந்த நோயின் விநோதம். தசைக்காக ஊதிய அத்தனை சங்கொலியும் பக்கத்து வீட்டில் போய் விழுகிறது. சினைப்பையில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் இயக்குநீர்களை, அதாவது ஆண்ட்ரோஜன்களைத் தயாரிக்கும் செல்கள் இன்சுலினைக் கேட்டதும் உற்பத்தியைக் கூட்டுகின்றன. (டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடலிலும் சுரப்பதுதான், அதிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜனே உருவாகிறது. அளவு மிஞ்சும்போதுதான் தொல்லை.) அதே நேரத்தில் கல்லீரலும் ஒரு வேலையைக் கைவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை அது சுரக்கும், இன்சுலின் மிகுந்தால் அந்தச் சுரப்பு குறைந்துவிடும். கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் தாடையில் ரோமமாக, கன்னத்தில் பருவாக, உச்சந்தலையில் முடி உதிர்வாக வெளிப்படுகிறது. உள்ளே நுண்பைகள் பாதியில் நின்றுபோகின்றன. முட்டை வெளிவராததால் புரொஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. அது இல்லாததால் மூளை அவசரப்பட்டு எல்.எச். என்ற இயக்குநீரைக் கூடுதலாக அனுப்ப, அது மறுபடியும் ஆண்ட்ரோஜனைத்தான் தூண்டுகிறது. ஆண்ட்ரோஜன் கொழுப்பை வயிற்றைச் சுற்றிச் சேர்க்க உதவுகிறது, வயிற்றுக் கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டுகிறது. செக்குமாடு சுற்றுவது போல, எங்கே தொடங்கியது என்று தெரியாத வட்டம்.

இதற்கு வெளியே தெரியும் சாட்சி ஒன்று உண்டு. பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருமை. கவரிங் சங்கிலி போட்டதால் வந்தது, ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்காததால் வந்தது என்று எத்தனை பெண்பிள்ளைகள் திட்டு வாங்கியிருப்பார்கள்! பீர்க்கங்கூட்டால் தோல் உரிய உரியத் தேய்த்தாலும் அது போகாது. மிகுந்த இன்சுலின் தோல் செல்களைப் பெருகச் செய்வதால் வரும் நிறம் அது. இன்சுலின் இறங்கினால் தானே வெளுக்கத் தொடங்கும்.

வட்டத்தை எங்கே உடைப்பது? சங்கு ஊதவேண்டிய தேவையைக் குறைப்பது ஒரு வழி. இன்சுலினை அதிகம் அழைப்பது மாவுச்சத்து, புரதம் அதைவிடக் குறைவாக அழைக்கும், கொழுப்பு மிகமிகக் குறைவு. நம் இலையைக் கொஞ்சம் பார்ப்போம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மதியம் ஒருவர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்குமாக 350 கிராம் சோறு சாப்பிட்டால் அதிலேயே 100 கிராம் ஆகிவிட்டது. காலையில் இட்லி, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட காபியோடு பிஸ்கட், ராத்திரி தோசை. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரை.

குழந்தைக்காக ஏங்கும் பெண்ணுக்கு வீட்டார் அன்போடு ஊட்டுவதைப் பாருங்கள். செவ்வாழை, பேரீச்சம்பழம், மாதுளைச் சாறு, சத்துமாவுக் கஞ்சி, தேன். ஒரு செவ்வாழையிலேயே சுமார் 25 கிராம் மாவுச்சத்து. தினைக்கும் கேழ்வரகுக்கும் மாறிவிட்டேன் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நார்ச்சத்தும் தாதுக்களும் அவற்றில் கூடுதல், சந்தேகமில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் 65 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் 78. நாலு கேழ்வரகு தோசை தின்றுவிட்டுக் ‘குறைமாவு’ என்று கணக்கு எழுத முடியாது.

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையை பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் முதன்முதலில் சோதித்த ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2005இல் வந்தது. நாளுக்கு 20 கிராமுக்குள் மாவுச்சத்து, அதாவது சோற்றுக் கணக்கில் ஒரு குழிக்கரண்டி, அவ்வளவுதான். இருபத்துநான்கு வாரங்களில் சராசரியாக 12 சதவீத எடை குறைந்தது. வெறும்வயிற்று இன்சுலின் 54 சதவீதம் இறங்கியது, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் 22 சதவீதம் இறங்கியது. முன்பு கருத்தரிக்க முடியாதிருந்த இரண்டு பெண்கள் கருவுற்றார்கள். இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் விட்டுவிடும் எண் ஒன்று உண்டு. சேர்ந்தவர்கள் 11 பேர், இறுதிவரை நின்றவர்கள் ஐந்து பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. உணவு வேலை செய்யக்கூடும் என்பதற்கும், அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்தச் சின்ன ஆய்வே சான்று.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. நியாண்டர் செல்வனின் முகநூல் குழுவும் புத்தகமும் ‘பேலியோ’ என்ற குறைமாவு உணவுமுறையை வீட்டுச் சொல்லாக்கிவிட்டன. காலையில் நூறு பாதாமை எண்ணி எண்ணித் தின்ற தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அதில் சிலருக்கு வருடக்கணக்கில் நின்றிருந்த மாதவிலக்கு திரும்பியதை நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை, மேலே சொன்ன உடலியக்கம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் எல்லாருக்கும் 20 கிராம் தேவையா என்றால் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள், பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு எந்த ஓர் உணவுமுறையும் மற்றதைவிட மேலானது என்று நிறுவப்படவில்லை என்கின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கருத்தரிக்க இயலாத, உடல்பருமன் உள்ள 67 பெண்கள் ஆறு மாதம் குழுவாகக் கூடி, உணவை ஒழுங்குபடுத்தி, நடந்து, சராசரியாகப் பத்து கிலோ குறைத்தார்கள். அவர்களில் 60 பேருக்கு முட்டை மீண்டும் தானாக வெளிவந்தது, 45 பேர் குழந்தை பெற்றார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில் பேலியோவும் இல்லை, பட்டினியும் இல்லை.

ஆகவே என் கணிப்பு இது: எவ்வளவு குறைக்கிறோம் என்பதைவிட, ஒருவரால் ஒரு வருடம் கழித்தும் அதே இலையில் சாப்பிட முடியுமா என்பதே பெரிது. சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் கீரையையும் இரண்டு மடங்காக்கி, முட்டையோ மீனோ பனீரோ கொண்டைக்கடலையோ இலையின் நடுவுக்கு வந்தால் அதுவே பெரிய மாற்றம். கூட்டுக்குடும்பத்தில் “உனக்கு மட்டும் தனியா உலை வைக்கணுமா” என்ற கேள்வி வராத வழியும் அதுதான். எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி ஒழுங்காகிறது. எழுபத்தைந்து கிலோ உள்ளவருக்கு அது நாலிலிருந்து ஏழு கிலோ. கல்யாண ஆல்பத்தில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சங்கொலியைக் குறைக்கும் இன்னொரு வழி, மாத்திரை. “எனக்குத்தான் சுகரே இல்லையே, எதுக்கு டாக்டர் சுகர் மாத்திரை எழுதியிருக்காங்க?” மெட்பார்மின் சீட்டைக் கையில் வாங்கிய பெண்களெல்லாம் கேட்கும் கேள்வி இது. ஐரோப்பியக் கைமருத்துவத்தில் புழங்கிய கலேகா என்ற செடியின் வேதிப்பொருளிலிருந்து கிளைத்த மருந்து அது. 1922இல் டப்ளினில் தயாரிக்கப்பட்டு, கேட்க ஆளில்லாமல் கிடந்து, 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவுக்குக் கொடுத்த பிறகே பேர் வாங்கியது. கல்லீரல் தன்பாட்டுக்குச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டுவதை அது குறைக்கிறது. கணையத்தை விரட்டி வேலை வாங்குவதில்லை, அதனால் இதை மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது அரிது. வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான் தொந்தரவு. சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினால் பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். சைவ உணவுக்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

1998இல் நெஸ்ட்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் பி.சி.ஓ.எஸ். உள்ள பருமனான பெண்களுக்கு 35 நாள் மெட்பார்மின் கொடுத்தார்கள். 35 பேரில் 12 பேருக்குத் தானாக முட்டை வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 26 பேரில் ஒருவருக்குத்தான் அது நடந்தது. மருத்துவ உலகம் துள்ளியது. ஆனால் முட்டை வருவதும் பிள்ளை பிறப்பதும் ஒன்றல்லவே. 2007இல் 626 பெண்களைக் கொண்ட பெரிய ஆய்வு வந்து அந்தத் துள்ளலை அடக்கியது. முட்டையை வெளிவரத் தூண்டும் பழைய மருந்தான குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 22.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதம். இரண்டும் சேர்த்தால் 26.8. மெட்பார்மின் நிலத்தைப் பண்படுத்தும், விதை முளைக்கத் தண்ணீர் வேறு வேண்டும்.

அந்தத் தண்ணீர் இன்று லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று இணையத்தில் படித்துவிட்டுப் பதறுபவர்கள் உண்டு. ஆண்ட்ரோஜன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதைத் தடுப்பது அதன் வேலை. சுழற்சியின் தொடக்கத்தில் ஐந்தே நாள் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதே என்று மூளை நினைத்து, நுண்பையை வளர்க்கும் இயக்குநீரை அனுப்புகிறது. ஐந்து நாளில் மாத்திரை நின்றுவிடும், முட்டை வெளிவருவதற்குள் மருந்தும் பெரும்பாலும் உடலைவிட்டு அகன்றுவிடும். டொரன்டோவில் மிட்வாலி, காஸ்பர் என்ற இரு மருத்துவர்கள் 2001இல் தொடங்கிவைத்த இந்தப் பயன்பாட்டை இந்தியா 2011இல் தடை செய்தது, பிறகு தடை நீங்கியது. 2014இல் 750 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டில் லெட்ரோசோல் குழுவில் 27.5 சதவீதமும் குளோமிஃபீன் குழுவில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். அதன் பிறகு முதலிடம் லெட்ரோசோலுக்குத்தான்.

“முதல்ல பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்.” இந்த ஒற்றை வாக்கியத்தோடு எனக்குச் சண்டை உண்டு. நெதர்லாந்தில் உடல்பருமனும் குழந்தையின்மையும் உள்ள 577 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு மாதம் எடைகுறைப்புத் திட்டமும் பிறகு சிகிச்சையும், மற்றதற்கு நேரடியாகச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். நிறைமாதத்தில், இயல்பான பிரசவத்தில், நலமாகப் பிறந்த ஒற்றைக் குழந்தை என்பதுதான் அவர்கள் வைத்த அளவுகோல். இரண்டு வருடத்தில் அதை எட்டியவர்கள் முதல் குழுவில் 27 சதவீதம், நேரடிச் சிகிச்சைக் குழுவில் 35 சதவீதம். அதேசமயம் சிகிச்சை இல்லாமல் இயற்கையாகக் கருவுற்றவர்கள் எடைகுறைப்புக் குழுவில்தான் அதிகம். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் ஒரு முதலீடு. முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு அது முட்டைகளின் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. அவருக்கு உணவும் மருந்தும் ஒன்றாகவே தொடங்கலாம். அதற்கும் முன்னால் கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை. செலவு குறைந்த, வலியில்லாத அந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே மனைவியை மட்டும் வருடக்கணக்கில் ஸ்கேனுக்கு அழைத்துப்போகும் வீடுகள் நிறைய.

குழந்தை வேண்டாம் என்பவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள்கூட மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராவிட்டால் விட்டுவிடக் கூடாது. புரொஜெஸ்டிரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உள்வரியைத் தடிக்கச் செய்துகொண்டே இருந்தால் பின்னாளில் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது.

உணவையும் மருந்தையும் சேர்த்துத் தொடங்குபவர்கள் எதிர்பாராத ஒன்று கடைசியில் காத்திருக்கிறது. முட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் விலக்கு வரும். ஆகவே பல மாதம் நின்றிருந்த பெண்ணுக்கு முதல் முட்டை வரும்போது அதை அறிவிக்க ஒரு விலக்கும் வந்திருக்காது. அந்த முதல் முட்டையிலேயே கரு தரித்துவிட்டால், அவருக்குத் தெரிவது வழக்கமான அதே தாமதம்தான். ‘எனக்கு எப்பவும் இப்படித்தானே’ என்று இருந்துவிடுவார். இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டதால் இது இன்னும் கவனிக்க வேண்டியதாகிறது. அவற்றில் ஒன்றான செமாகுளூடைடை, கரு தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். இன்னொன்றான டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கக்கூடியது. கடுமையான குறைமாவு உணவையும் கருக்காலத்தில் அப்படியே தொடரக் கூடாது. கருவின் நரம்புக் குழாய் மூடுவது முதல் நான்கு வாரத்தில், பெரும்பாலோர் தாங்கள் கருவுற்றிருப்பதை அறிவதற்குள். அதற்கு வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரையை, 400 மைக்ரோகிராம், உணவை மாற்றத் தொடங்கும் நாளிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது.

எனவே எடை எந்திரத்தின் முள் அசையாத மாதத்திலும், நாள்காட்டியில் அறுபது நாற்பத்தைந்தாகி, நாற்பத்தைந்து முப்பத்தாறாகிக்கொண்டிருக்கும்போதும், மேசை இழுப்பறையில் ஒரு பரிசோதனை அட்டை இருக்கட்டும். பழைய தாமதம்தானே என்று விடாமல், ஐந்து வாரம் தாண்டியதும் காலையில் எழுந்தவுடன் ஒருமுறை பார்த்துவிடலாம்.